பேய்ப்படம் போடுவதற்கு முன் நான் திறக்கும் தளம்: கிட்ஸ்-இன்-மைண்ட்

பேய்ப்படமும் பார்க்கிற, சாமியும் கும்பிடுகிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிட்ஸ்-இன்-மைண்ட் என்ற இணையத்தளத்தைப் பற்றி. ஒரு படம் நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது, எத்தனை வயதுக்குப் பொருத்தம் என்றும் சொல்லாது, படத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 1992 இலிருந்து இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். பாலியல், வன்முறை, பேச்சு என்று மூன்றுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒவ்வொரு இலக்கம் போட்டு, அதற்குக் கீழே ஒவ்வொன்றையும் நீளமாக விவரிப்பார்கள். காசு கேட்பதில்லை, விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கும்.

எனக்கு வேண்டியது அந்த மூன்றாவது இலக்கமும் அதோடு வருகிற பந்தியும்தான். ஏன் என்று விளங்க எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவின் ஊர் மன்னார், நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், கத்தோலிக்க வீடு. கல்யாணம் கட்டி வந்தது வெள்ளவத்தையில் ஒரு சைவ வீட்டுக்கு. இப்போது அம்மாவும் எங்களோடு, மாமியும் எங்களோடு. செவ்வாய்க்கிழமையில் அம்மா கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவார், வெள்ளிக்கிழமையில் மாமி மயூரபதி அம்மனிடம் போவார், சனி இரவு எல்லாரும் ஒரே ஹோலில் இருந்து படம் பார்ப்போம். மகனுக்குப் பதினைந்து வயது, தங்கச்சியின் மகளுக்குப் பதினேழு, இரண்டு பேருக்கும் பேய்ப்படம் தவிர வேறெதுவும் ருசிக்காது. அம்மாவுக்கும் பேய்ப்படம் பிடிக்கும். மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் பேய் பிடித்தவர்களைக் கூட்டிவருவதைச் சின்ன வயதில் நேரில் பார்த்தவர், பேயைக் கண்டு அவர் பயப்படுவதில்லை. அவருக்குப் பிரச்சினை வேறு. ஒருநாள் படத்தை நிற்பாட்டச் சொல்லிவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பேய் தூஷணம் கதைச்சா அது பேய், அது அப்பிடித்தான் கதைக்கும். நல்லா உடுத்திக்கொண்டு நிக்கிற மனுசன் கார்ச் சாவியைக் காணேல்லை எண்டு யேசுவிட பேரை எறியிறான் பாருங்கோ, அதுதான் பிள்ளை எனக்குத் தாங்கேலாது.”

பேய்ப்படத்தில் தூஷணம், கடவுள் பெயர் என்று யார் கதைத்தாலும் எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வரும். எத்தனை தடவை சொன்னார்கள் என்பதை விட, யார் வாயால், யாரைப் பார்த்து, எந்த மனதோடு சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. இந்தத் தளத்தை நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பேச்சு பற்றிய பந்தியில் எல்லாத் தூஷணத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாமல் பிரித்துத் தருகிறார்கள். எஃப் எழுத்தில் தொடங்கும் சொல் எத்தனை தரம், உடலுறுப்புகளை வைத்துச் சொல்பவை எத்தனை, ஆளை ஆள் ஏசுவது எத்தனை என்று வரும். அப்புறம்தான் எங்கள் வீட்டுக்கு வேண்டியது: கடவுள் பெயரை வைத்துச் சபிப்பது தனியாக, பயத்திலோ ஆச்சரியத்திலோ “கடவுளே”, “இயேசுவே” என்று வாயில் வந்துவிடுவது தனியாக. இந்த ஒரு பிரிப்புக்காகவே நான் மற்ற தளங்களை விட்டுவிட்டு இங்கே வருகிறேன். ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளத்தின் பெற்றோர் வழிகாட்டியையும் பார்ப்பேன். அங்கே பாவிக்கிறவர்களே எழுதுகிறார்கள், இல்லை, கொஞ்சம், மிதம், கடுமை என்று வாக்குப் போடுகிறார்கள். பாலியல், வன்முறை, தூஷணம், போதை, பயமுறுத்தும் காட்சிகள் என்று ஐந்து பகுதிகள் உண்டு, சமயத்துக்கென்று ஒரு பகுதி இல்லை. சிலுவையைத் தலைகீழாகத் திருப்புகிற காட்சியை ஒருவர் பயமுறுத்தும் காட்சிகளில் எழுதுவார், இன்னொருவர் எழுதவே மாட்டார். எழுதுகிறவருக்கு அது உறுத்தவில்லை என்றால் அது அங்கே இல்லை. கிட்ஸ்-இன்-மைண்டில் எழுதுபவர்களிடம் அந்தத் தடுமாற்றம் குறைவு, ஒரே முறையில் எல்லாப் படத்தையும் எழுதுகிறார்கள், பாத்திரங்களின் பெயரைக்கூடச் சொல்லாமல் “ஒரு ஆண்”, “ஒரு பெண்” என்றே எழுதிக்கொண்டு போகிறார்கள். வாசிக்க வரட்சியாக இருக்கும், ஆனால் நம்பலாம்.

கீழே போனால் கலந்துரையாடலுக்கான விஷயங்கள் என்று ஒரு வரி வரும். சாத்தான், பேய் பிடித்தல், பேயோட்டுதல், விசுவாசம், மரணம் என்று படத்தில் எது இருக்கிறதோ அதைச் சொற்களாக அடுக்கியிருப்பார்கள். பலபேர் இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பேய்ப்படத்துக்கு இலக்கத்தை விட இந்த வரிதான் உதவும், ஏனென்றால் இலக்கம் ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2013 இல் வந்த ‘தி கான்ஜூரிங்’ நல்ல உதாரணம். ஜேம்ஸ் வான் எடுத்தது. அதில் தூஷணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, இரத்தமும் அவ்வளவு இல்லை, ஆனாலும் அமெரிக்காவில் அதற்கு ஆர் சான்றிதழ் கொடுத்தார்கள், அதாவது பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். பயம்தான் காரணம் என்று படத்தை எடுத்தவர்களே சொன்னார்கள். சொற்களை மட்டும் எண்ணினால் இதைப் பிள்ளைகளோடு பார்க்கலாம் என்றுதான் தோன்றும். படத்துக்குள் நடப்பதோ வேறு: வத்திக்கானின் அனுமதி வரத் தாமதமாகிறது, குருவானவர் இல்லை, பேய் விவகாரங்களை ஆராய்கிற, குடும்பக்காரரான எட் வாரன் தானே லத்தீனில் பேயோட்டும் செபத்தைச் சொல்லத் தொடங்குகிறார். அம்மாவுக்கு அந்த இடம் பெரிய அதிர்ச்சி. “ஃபாதர் இல்லாம எப்பிடி அதைச் சொல்லலாம்” என்று கேட்டார், படம் முடிந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தூஷணமும் இல்லாத காட்சி அது. ஒரு கத்தோலிக்க மனதுக்கு அதுதான் படத்திலேயே பாரமான காட்சி, எந்தப் பட்டியலிலும் அந்தப் பாரத்துக்கு ஒரு இலக்கம் இல்லை.

மறுபக்கத்தில் 1973 இல் வந்த ‘தி எக்ஸோர்ஸிஸ்ட்’. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கியது, வில்லியம் பீட்டர் பிளாட்டியின் 1971 ஆம் ஆண்டு நாவலிலிருந்து எடுத்தது, திரைக்கதைக்கும் ஒலிக்கும் ஒஸ்கார் கிடைத்தது. பேய் பிடித்த சிறுமியாக நடித்தவர் லிண்டா பிளேர், பேயின் குரலைக் கொடுத்தவர் மெர்சிடிஸ் மெக்கேம்ப்ரிட்ஜ் என்ற நடிகை. அந்தக் குரலில் வருகிற தூஷணங்கள் இன்றைக்கும் காதைக் கூச வைக்கும். இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் சம்மதிக்கவில்லை, நானும் கணவரும் மட்டும் பார்த்தோம். பார்த்தபோது எனக்குப் பட்டது என்னவென்றால், பேய் வருவதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் கடவுள் பெயர் இருக்கிறது, தூஷணமாக. தாய்க்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. மகளின் பிறந்தநாளுக்குத் தகப்பன் அழைக்கவில்லை என்று தொலைபேசியில் கத்துகிறாள், அந்தக் கத்தலில் இயேசுவின் பெயர் வெறும் கோபச் சொல்லாக வந்து விழுகிறது, பக்கத்து அறையில் மகள் இருக்கிறாள். கடைசியில் அதே வீட்டில், அதே பெயரைச் சொல்லித்தான் இரண்டு குருமார் அந்தப் பிள்ளைக்காகப் போராடுகிறார்கள். கோபச் சொல்லாக இருந்த பெயர் செபமாக மாறுகிற அந்தப் பயணம்தான் எனக்குப் படம். தூஷணத்தை எடுத்துவிட்டால் அந்தப் பயணம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போய்விடும்.

இப்போது எண்ணிக்கை முறையை இந்தப் படத்தில் வைத்துப் பாருங்கள். தாய் சொன்னது ஒன்று, பேய் சொன்னது ஒன்று, குருவானவர் சொன்னது ஒன்று. தாயின் வாயிலிருந்து வந்ததுதான் என் அம்மாவைக் குத்தும், பேய் சொன்னது குத்தாது, குருவானவர் சொன்னபோது அவரும் சேர்ந்து சிலுவை அடையாளம் போடுவார். கிட்ஸ்-இன்-மைண்ட் சபித்தலையும் வாயில் வந்துவிடுவதையும் பிரிக்கும் அளவுக்கு வந்திருக்கிறது, யார் சொன்னது என்பதைப் பேச்சுப் பந்தியில் சொல்வதில்லை. ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்: பெரும்பாலானவை பேய் பிடித்த பாத்திரம் சொல்பவை, அல்லது சாதாரண உரையாடலில் வருபவை என்று. இதுதான் இந்தத் தளத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு, வெட்டிவிட்டுப் போட்டால் முடிந்ததே என்று எங்கள் அவர் கேட்பார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு தொலைக்காட்சியில் பேயோட்டும் படம் ஒன்று போனது. இயேசு என்ற பெயர் வரும் இடமெல்லாம் சத்தத்தை நிற்பாட்டியிருந்தார்கள், ஏச்சில் வந்தாலும் நிற்பாட்டு, செபத்தில் வந்தாலும் நிற்பாட்டு. குருவானவர் சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயை அசைக்கிறார், முக்கியமான இடத்தில் சத்தம் இல்லை. சமயத்தை மதிக்கிறோம் என்று செய்த வேலைதான் அந்தச் செபத்தை அவமதித்தது. அம்மா கோபப்பட்டு எழும்பிப் போய்விட்டார்.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. 1931 இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பிணத்துக்கு உயிர் வந்ததும் அந்த விஞ்ஞானி, கடவுளாக இருப்பது எப்படியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும் என்று கத்துவார். 1930களின் பிற்பகுதியில் படத்தை மறுபடி திரையிட்டபோது அந்த வசனத்தின் மேல் இடிச் சத்தத்தைப் போட்டு மறைத்துவிட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது திரும்ப வந்தது. அந்தப் படத்தின் முழு அர்த்தமும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது, மனிதன் எல்லை தாண்டிவிட்டான் என்று படம் எச்சரிக்கிற இடமே அதுதான். அதை இடி மூடிவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம்? இத்தனைக்கும் அப்போது ஹொலிவூட்டில் இருந்த ஹேஸ் விதிகள் என்ற தணிக்கை விதிகளில், கடவுள், இயேசு போன்ற பெயர்களைப் பயபக்தியோடு சொன்னால் சரி, மற்றபடி கூடாது என்றுதான் எழுதியிருந்தது. யார் எந்த மனதோடு சொல்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது 1930 இலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவுடன் அந்தக் கவனம் போய்விடுகிறது.

நம் நாட்டுக் கதையும் தெரிந்ததுதான். 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்றின் கீழ் இயங்குகிற சபைதான் இன்றைக்கும் படங்களுக்கு அனுமதி கொடுக்கிறது. 2006 இல் ‘தி டா வின்சி கோட்’ படத்தைக் கத்தோலிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் இங்கே தடைசெய்தார்கள். அது பேய்ப்படம் இல்லை, ஆனால் ஒரு படத்தின் சமயப் பேச்சு ஆட்களை எவ்வளவு தொடும் என்பது அப்போது கொழும்பில் இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தியேட்டருக்கு வரும் பேய்ப்படத்தின் போஸ்டரில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று இருக்கும். எதனால் என்று இருக்காது. இரத்தமா, உடலா, தேவதூஷணமா? டிக்கெட் எடுக்கிற எனக்கு அது தெரிய வேண்டும். லிபர்டியிலோ கோல்பேஸிலோ குடும்பமாகப் போய் உட்கார்ந்த பிறகு எழும்பி வருவது லேசான காரியம் இல்லை. வெட்டாமல், தடுக்காமல், உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டு முடிவை வீட்டுக்காரரிடம் விடுகிற வேலையைத்தான் கிட்ஸ்-இன்-மைண்ட் செய்கிறது, அதனால்தான் அதன் பக்கம் நிற்கிறேன்.

வன்முறைப் பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது கொழும்புக்காரருக்கு வேறு விதமாக முக்கியம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அம்மா போகிற அதே கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்த நாள், என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு கோவிலுக்குள் இரத்தம், இரத்தம் தெறித்த சொரூபம், பூசை நேரத்தில் சனங்கள் சாவது போன்ற காட்சிகளை எங்கள் வீட்டில் பயத்துக்காகப் பார்க்கிற காட்சியாகப் பார்க்க முடியாது. கன்னியாஸ்திரி பேய், சபிக்கப்பட்ட தேவாலயம் என்று இப்போது வருகிற படங்களில் பாதி அந்த மாதிரித்தான். கிட்ஸ்-இன்-மைண்டின் வன்முறைப் பகுதி ஒவ்வொரு காட்சியாக, எந்த இடத்தில், எதைக் கொண்டு, இரத்தம் தெரிகிறதா இல்லையா என்று எழுதிவிடும். அதை வாசித்துவிட்டு நான் ஒதுக்கிய படங்கள் உண்டு. அம்மாவுக்குக் காரணம் சொன்னதில்லை, வேறு படம் போடுகிறோம் என்றேன், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்துக்காக அந்த எழுதுகிறவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்லுவேன்.

இந்த விவரத்துக்கு ஒரு விலை உண்டு. கதை முழுக்கத் தெரிந்துவிடும். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதுவரை எழுதியிருப்பார்கள். ஆகவே வீட்டில் ஒருவர் மட்டும் வாசிப்பது நல்லது, எங்கள் வீட்டில் அது நான். எனக்குத் திடுக்கிடுவது குறைந்துவிட்டது, பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிடுவதைப் பார்ப்பது எனக்குப் போதும்.

மாமியின் பக்கத்துக்கு வந்தால் இந்தத் தளம் கைகொடுக்காது. அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடுகிற படங்களை வைத்துக் கட்டிய தளம் இது, சமயம் என்றால் அவர்கள் கணக்கில் பெரும்பாலும் கிறிஸ்தவம்தான். மாமி பார்ப்பது ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வகை. ‘அரண்மனை’ வரிசையில் கடைசியில் அம்மன் பாட்டு வந்தால் அவர் கைகூப்பிக்கொண்டுதான் பார்ப்பார். அதற்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் மந்திரவாதியும் பூசாரியும் திருநீறும் வேப்பிலையும் பகிடிக்குப் பாவிக்கப்படும்போது அவர் முகம் சுருங்கும், “சாமிப் பொருளை வைச்சு என்ன பகிடி இது” என்பார். அந்த வருத்தமும் என் அம்மாவின் வருத்தமும் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் அது தெரியும், அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒரு கட்சி. ஆனால் மாமிக்கு முன்கூட்டியே சொல்ல இங்கே ஒரு பக்கமும் இல்லை. தமிழில் யாராவது இப்படி ஒன்றைத் தொடங்க வேண்டும். பகிடிக்கு எடுத்தது எது, பக்தியோடு எடுத்தது எது என்று பிரித்து எழுதத் தெரிந்த, தமிழ்ப் பேய்ப்படங்களை விரும்பிப் பார்க்கிற ஆட்கள் எழுத வேண்டும். கீழ் வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் இதே கேள்விதான், இந்தோனேசியப் பேய்ப்படங்களில் தொழுகையின் நடுவே பேய் வருகிற காட்சிகளைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவர்களும் தேடுகிறார்கள்.

தொடர்களுக்கும் இதை எதிர்பார்க்க வேண்டாம், இது படங்களுக்கான இடம். நெட்ஃபிளிக்ஸில் 2021 இல் வந்த ‘மிட்நைட் மாஸ்’ ஏழு பகுதிகளையும் நான் முதலில் தனியாகப் பார்த்தேன். நீளமான பிரசங்கங்கள், பாடல்கள், செபங்கள் என்று போகும், தூஷணமும் நிறைய உண்டு. ஆனால் அதில் ஆகக் கொடூரமான வாய் பெவ் கீன் என்ற பெண்ணுடையது, அவள் தூஷணத்தை நாடுவதே இல்லை. வேதாகம வசனத்தை எடுத்து எடுத்து ஆளைக் குத்துவாள், குத்திவிட்டுச் சிரிப்பாள். எந்த எண்ணிக்கையிலும் அவளுக்கு விழுவது பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அம்மாவுக்கு அந்தத் தொடரைக் காட்டினேன், பெவ் கீன் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் “இவளை எனக்குத் தெரியும், இவள் எங்கட கோவிலிலயும் இருக்கிறாள்” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தூஷணம் வந்த இடங்களை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

புதிதாகப் போகிறவர்கள் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். பேச்சுப் பந்தியை முதலில் வாசியுங்கள், கடவுள் பெயர் எந்தப் பிரிவில் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள், பிறகு கீழே போய் கலந்துரையாடல் வரியைப் பாருங்கள். இரண்டும் முட்டிக்கொண்டால், அதாவது பேச்சு இலக்கம் சின்னதாக இருந்து கீழே சாத்தான், பேயோட்டுதல் என்று இருந்தால், வன்முறைப் பகுதியைக் கடைசிவரை வாசித்துவிட்டே முடிவெடுங்கள். ஃபோனில் விளம்பரங்கள் குறுக்கே வந்து தொல்லை தரும், கணினியில் பார்ப்பது சுகம்.